விரல் வைத்துக் காட்டு

திரையை இழுத்ததும் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். தையல்நாயகி மட்டும் எழவில்லை. முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, உட்கார்ந்த மேனிக்கே நிமிர்ந்து பார்த்தாள். அட, படம் மாறிப்போச்சு, வேற யாரையோ கொண்டாந்து மாட்டிட்டானுங்க என்றுதான் முதலில் தோன்றியது. ஸ்டுடியோவில் நாலு படம் அடுக்கி வைத்திருப்பான், அவசரத்தில் எவரோ ஒரு ரிட்டயர்டு தாசில்தாரைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டான், இந்நேரம் அந்தத் தாசில்தார் வீட்டில் என் வீட்டுக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார், அங்கே இருக்கிற பொம்பளை என்ன கத்து கத்துகிறாளோ. அப்படி நினைத்ததும் சிரிப்புக்கூட எட்டிப்பார்த்தது. அப்புறம்தான் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தாள். அ. கலியமூர்த்தி. தோற்றம், மறைவு, இரண்டு தேதி. பேரும் சரி, தேதியும் சரி. ஆக, இந்த ஆள்தான் அவர். வெள்ளைச் சட்டையின் காலர் விறைத்துக்கொண்டு நிற்கிறது, வாய் தைத்துவிட்ட மாதிரி மூடியிருக்கிறது, முகம் மாவில் புரட்டி எடுத்தது போல் வெளுத்துக் கிடக்கிறது, இருபத்தேழு வருஷம் அவளோடு குடும்பம் நடத்திய மனுஷனாம் இது. நாசமாப் போக என்று வாய்வரைக்கும் வந்தது. பக்கத்தில் நின்ற மகள் வினோதினி குனிந்து, "அம்மா, எந்திரிம்மா, எல்லாரும் நிக்கறாங்க" என்றாள். "நிக்கட்டும். அவங்களுக்குத் தெரிஞ்சவரு போல இருக்கு" என்றாள் தையல்நாயகி. மகளுக்கு ஒன்றும் புரியவில்லை, அம்மாவுக்கு முடியவில்லை என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

எல்லாம் மூத்தார் வைத்தியலிங்கத்தின் வேலை. கலியமூர்த்திக்கு அண்ணன், கட்சிக்காரர், மைக்கைக் கண்டால் விடமாட்டார். கருமாதி, பிண்டம் எதுவும் அவருக்கு ஆகாது. "பதினாறாம் நாளு ஐயரு கிய்யரெல்லாம் வேண்டாம்மா, தம்பிக்கு மொறையா ஒரு படத்திறப்பு வச்சிருவோம், நாலு பேரு நாலு வார்த்த பேசட்டும்" என்று அவர் சொன்னபோது தையல்நாயகிக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. படத்துக்கு ஒரு போட்டோ வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தாள். போன வருஷம் எதிர்வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோது வினோதினி போனில் எடுத்தது, கட்டம் போட்ட சட்டையோடு, வாயைத் திறந்து, ஓட்டைப் பல் தெரிய மனுஷன் சிரிக்கிற படம். "இதுவா?" என்று கேட்டார் மூத்தார். "இதுதான் மாமா அவரு" என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போகிற ஆட்களை நம்பவே கூடாது. இன்று காலை மண்டப வாசலில் ஸ்டுடியோ பன்னீர் ஆட்டோவிலிருந்து படத்தை இறக்கும்போதே பெருமை தாங்காமல் சொன்னான்: "அக்கா, அண்ணன் சிரிச்ச மேனிக்கு இருந்தாரா, பெரியவரு சொன்னாரு, சிரிக்கிற படத்துக்கு மாலை போட்டா நல்லாவா இருக்கும்னு. வாயை மூடிவுட்டேன். மூஞ்சில ஒரு புள்ளி இல்லாம க்ளீன் பண்ணிருக்கேன் பாருங்க, மாப்பிள்ள கணக்கா இருப்பாரு." அவனைச் சொல்லிக் குற்றமில்லை, சொன்னதைச் செய்கிறவன். அப்போதே அந்தப் பேப்பரைக் கிழித்துப் பார்த்திருக்க வேண்டும். வாயை மூடிவுட்டேன் என்கிறான், என்னமோ வாசல் கேட்டைச் சாத்தினது மாதிரி.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பால் சங்கத் தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். கலியமூர்த்திக்கு அந்தச் சங்கத்தில்தான் வேலை, பால் டெஸ்டர். விடியற்காலை ஐந்து மணிக்குக் கேனும் தூக்குவாளியுமாக வரிசையில் நிற்கிற பெண்களின் பாலை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, தண்ணீர் கலந்திருக்கிறதா, கொழுப்பு எவ்வளவு என்று சொல்கிற வேலை. மேடையின் பின்திரையில் போன வாரக் கல்யாணத்துத் தெர்மகோல் எழுத்துகளை யாரும் பிய்க்கவில்லை. மணமக்கள் பேரை ஒரு வேட்டியால் மறைத்திருந்தார்கள், அது ஒரு ஓரம் சரிந்து, 'சௌமியா' மட்டும் கலியமூர்த்தியின் தலைக்கு மேலே மின்னிக்கொண்டிருந்தது. அவர் இருந்திருந்தால் இதை முதலில் பார்த்திருப்பார். முழங்கையால் இடித்து, "தையலு, யாருடி அந்த சௌமியா, எனக்கே தெரியாம" என்றிருப்பார். எந்தப் படத்தைக் கண்டாலும் அவருக்கு இதே வேலை. ஆஸ்பத்திரிச் சுவரில் அருவி படம் மாட்டியிருந்தால், அந்த அருவிக்குப் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்கள் துணி காயப்போட்டிருக்கிறார்களா, கொடி எங்கே என்று தேடுவார். நகைக்கடை காலண்டர் லட்சுமிக்கு வலதுகாலில் ஒரு மெட்டி குறைகிறது என்று கண்டுபிடித்து, கடைக்காரரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்த ஆள். "உருப்படியா எதையாச்சும் பாக்க மாட்டீங்களா" என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறாள். அதற்கும் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தால் முதலில் இணைப்பிதழைப் பிரித்து, ஆறு வித்தியாசங்கள் பக்கத்தைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிடுவார், கூட அவளும் உட்கார வேண்டும், அடுப்பில் எது இருந்தாலும் சரி. பார்த்தால் ஒன்று போலவே இருக்கிற இரண்டு படம், ஒன்றில் ஆறு இடத்தில் எதையாவது மாற்றி வைத்திருப்பான். அவருடைய சட்டம் ஒன்றுதான். வாயால் சொன்னால் கணக்கில் சேராது. இடத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். "கொம்பு இல்லைங்க" என்றால் "எந்த மாட்டுக்கு, எந்தக் கொம்பு, வெரல வையி" என்பார். பக்கத்தின் அடியில் தலைகீழாக விடை அச்சடித்திருப்பான். அதைப் பார்க்கிறவள் மனுஷியே இல்லை என்கிற மாதிரி அங்கே ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஆறாவது கிடைக்கவில்லையென்றால் மட்டும் அவரே பேனாவை எடுத்து ஒரு படத்தில் மாட்டுக்கு மீசை வரைந்து, "இந்தா, ஆறு" என்பார். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, சிரிப்பை உள்ளேயே அடக்கிக்கொண்டு. அழுகுணி ஆட்டம், அழுகுணி ஆட்டம் என்று அவள் கத்துவாள்.

"கண்டிப்புக்குப் பேர் போனவர்" என்றார் தலைவர் மைக்கில். "வேலை நேரத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை." யாரைச் சொல்கிறார் இந்த மனுஷன்? சரி, படத்தில் இருக்கிற ஆளைச் சொல்கிறார், அந்த ஆள் சிரித்திருக்க மாட்டார்தான். தையல்நாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, ஆடித்தான் பார்ப்போமே என்று படத்தை முறைத்தாள். இந்தப் பக்கம் படம், அந்தப் பக்கம் அவர். வாய், ஒண்ணு. வாயை மூடிவிட்டானே, ஓட்டைப் பல் போச்சு, அந்தப் பல் வழியாகத்தான் மனுஷன் விசில் அடிப்பார், கீரைக்காரியைக் கூப்பிட, பஸ்ஸை நிறுத்த, எல்லாத்துக்கும். சட்டை, ரெண்டு. கட்டம் போட்ட சட்டையைக் கழற்றிவிட்டு எவன் சட்டையையோ மாட்டியிருக்கிறார்கள், அந்தக் காலருக்குள் அவர் கழுத்து இருக்காது, அவருக்கு மேல் பட்டன் போட்டாலே மூச்சு முட்டும், கல்யாணத்தன்றைக்கே போடவில்லை. நிறம், மூணு. நிறத்தைச் சொல்லவே வேண்டாம், கருப்பு மனுஷனை வெளுக்க வைத்திருக்கிறான், கருப்பென்றால் இவர்களுக்கு என்னதான் கேடோ, அதுவும் மேடைக்கு மேடை கருப்பைப் பற்றிப் பேசுகிற அண்ணன் செய்த படம். நரை, நாலு. காதோரம் நரை போய் மை பூசியிருக்கிறது. காது, அஞ்சு. மடங்கின காது, பிறவியிலேயே மேல்மடல் கொஞ்சம் மடங்கியிருக்கும், அதை நிமிர்த்திவிட்டான், ஆட்டுக்குட்டிக் காது மாதிரி இருக்குதென்று அவள் சொல்லிச் சொல்லிப் பிடித்து இழுத்த காது. அஞ்சாச்சு. ஆறாவது எதுவென்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியும், அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். மச்சம். கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, மிளகு ஒட்டினது போல உப்பலாக ஒரு மச்சம். மச்சக்காரன்யா நீ என்று ஊரெல்லாம் சொல்லும். மச்சக்காரன் ஐம்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். மூஞ்சில ஒரு புள்ளி இல்லாம க்ளீன் பண்ணிருக்கேன் என்றானே பன்னீர், அந்தப் புள்ளி. ஆறு என்று மனசுக்குள் சொன்னாள். எங்க, வெரல வையி என்றார் அவர்.

வைக்க முடியவில்லை. இதென்ன கண்றாவி. இடது கன்னமா, வலது கன்னமா? படத்தில் இரண்டு கன்னமும் ஒரே மாதிரி வழவழவென்று இருக்கிறது, எதைப் பார்த்தாலும் அங்கே இருந்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. வலது. வலதுதான், ஷேவிங் பண்ணும்போது வலது பக்கம்தான் பார்த்துப் பார்த்து பிளேடை ஓட்டுவார். ஆனால் அது ஜன்னலில் மாட்டின கண்ணாடியில் பார்த்தது, அவள் பின்னால் நின்று காப்பியை வைத்துக்கொண்டு பார்ப்பாள், கண்ணாடியில் வலது என்றால் அவருக்கு எது? அவள் கண்ணாடியில் பார்த்தாளா, திரும்பினபோது பார்த்தாளா? ரெண்டும்தான் பார்த்திருக்கிறாள், அதனால்தான் இப்போது ரெண்டு பக்கமும் ஒன்று போல நிற்கிறது. இடது. பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவர் இந்தப் பக்கம் உட்காருவார், அப்போது மச்சம் தெரியும். தெரியுமா? பஸ்ஸில் என்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தாள், வெளியே அல்லவா பார்த்துக்கொண்டு வந்தாள். இருபத்தேழு வருஷம், தையலு. கோழிக்குப் போடுகிற அரிசியில் கல் எது என்று தெரிகிறது, அரை கிலோமீட்டர் தள்ளி வருகிற டவுன் பஸ் எந்த நம்பர் என்று தெரிகிறது, புருஷன் மச்சம் எந்தக் கன்னத்தில் என்று தெரியவில்லை. பதினாறு நாளிலேயே இப்படியென்றால் பதினாறு மாசத்தில் என்ன மிஞ்சும்? இந்தப் படத்தைக் கொண்டுபோய் ஹாலில், டிவிக்கு மேலே ஆணியடித்து மாட்டப்போகிறார்கள், அது பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இருக்கிற ஆளை நெட்டித் தள்ளிவிட்டு இந்தத் தாசில்தார் வந்து உட்கார்ந்துகொள்வார், ஒரு நாள் கண்ணை மூடி அவரை நினைத்தால் இந்த மூடின வாய்தான் வரும். வினோதினியிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அடுத்த நொடியே போனை எடுத்து அந்தக் காதுகுத்துப் படத்தைக் காட்டிவிடுவாள். கேட்க மாட்டாள். அது தலைகீழ் விடையைப் பார்க்கிற மாதிரி. மகளிடம் போய், உங்கப்பா மூஞ்சியைக் காட்டு, எனக்கு மறந்துபோச்சு என்று கேட்கிறதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

எல்லாம் இந்த மனுஷனால் வந்தது. மூத்தாரை என்ன சொல்ல, பன்னீரை என்ன சொல்ல, திமிர் பிடித்த இந்த மனுஷன் சாகாமல் இருந்திருந்தால் படம் எதற்கு? அவர் போன அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பேப்பரை விரித்து உட்கார்ந்தவர் நெஞ்சைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "என்ன பண்ணுது?" "ஒண்ணும் இல்ல, கேஸு." "வேர்க்குதே?" "கரண்ட் இல்லல்ல, வேர்க்காம?" அவள் பெருங்காயம் கரைத்த மோரைக் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தார். "வாங்க, ஆட்டோவைக் கூப்பிடறேன், ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துரலாம்" என்றாள். "அஞ்சு கெடச்சிருச்சுடி. இன்னும் ஒண்ணுதான். முடிச்சிட்டுப் போலாம்." முடிச்சிட்டுப் போலாமாம். பால் மாதிரி ஒரு வஸ்துவையே தொட்டுப் பார்த்துத் தண்ணீர் எவ்வளவு என்று சொல்கிறவருக்குத் தன் நெஞ்சில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியவில்லை. அவள்தான் என்ன செய்தாள்? சரி, தொலையட்டும் என்று கொல்லைக்குத் துணி அலசப் போனாள். இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? சட்டையைப் பிடித்து, தரதரவென்று, ஊர் பார்க்க இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? திரும்பி வந்து பார்த்தபோது பேப்பர் மேலேயே கவிழ்ந்து கிடந்தார். அஞ்சு வட்டம் போட்டிருந்தது. பேனா மூடியைக்கூட மூடவில்லை, மை கசிந்து பேப்பரில் பெரிய கறையாகிவிட்டது. ஆறாவது ஒன்றுக்காக. அந்தப் பேப்பரை அவள் மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் செருகி வைத்திருக்கிறாள், பிரிக்கவில்லை, பிரிக்கவும் மாட்டாள், அந்த ஆறாவதை அவள் தேடிக்கொடுக்கப் போவதில்லை, கிடக்கட்டும் அப்படியே.

"தம்பி மூடநம்பிக்கைகளுக்கு எதிரானவர்" என்று இப்போது வைத்தியலிங்கம் பேசிக்கொண்டிருந்தார். தலைவர் எப்போது இறங்கினார், இவர் எப்போது ஏறினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. "பெண்ணைச் சமமாக நடத்தியவர்." தையல்நாயகி தன்னையறியாமல் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. கறுப்புப் பொட்டு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்காகக் காலையில் ஒரு சண்டை. நாத்தனார் ராஜாமணி, கலியமூர்த்திக்கு மூத்தவள், குளித்துவிட்டு வந்ததும் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "என்னடி தையலு, இன்னிக்குமா? பதினாறு முடியுதுடி. இன்னியோட எடுத்துரணும். ஊரு ஒலகம் வர்ற எடம்." "எடுக்க மாட்டேன் அண்ணி." "நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். தம்பி ஆத்மா அலையும்டி." "அவரு எங்கயும் அலைய மாட்டாரு, பேப்பரப் படிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு." ராஜாமணி தலையில் அடித்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டாள். மூடநம்பிக்கைக்கு எதிரானவர், வந்தார், மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "இது பொம்பளைங்க விஷயம்மா, நான் தலையிட மாட்டேன். ஆனா இன்னிக்கு ஒரு நாளு பெரியவங்க சொல்றதக் கேட்டுட்டுப் போயேன்." அவ்வளவுதான் அவருடைய வீரம். ஐயர் வேண்டாம் என்பதற்கு அத்தனை மைக் வேண்டியிருந்தது, தம்பி பொண்டாட்டி நெற்றியில் ஒரு பொட்டு இருக்கட்டும் என்பதற்கு ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அதைவிட அவளுக்கு எரிச்சல் அவள்மேலேயே. எப்போதும் வைக்கிற அரக்குப் பொட்டை வைத்திருக்க வேண்டியதுதானே. எதற்கு இந்தக் கறுப்பு, எதற்கு இந்தச் சின்னது? கண்ணில் படாத மாதிரி, திருட்டுத்தனமாக, இருந்தும் இல்லாத மாதிரி. யாருக்குப் பயந்தாள்? காலையில் அதை வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கேட்க வாய் திறந்து, கேட்காமல் விட்டாள். தினமும் கேட்கிறது. கண்ணாடி பார்க்க நேரமிருக்காது, அவசரமாக ஒட்டிக்கொண்டு, "என்னங்க, நடுவுல இருக்கா?" என்பாள். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுத்து, நிலம் அளக்கிற ஆள் மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "கொஞ்சம் கெழக்க தள்ளு" என்பார். தள்ளுவாள். "ஐயய்யோ, பக்கத்து வீட்டு எடத்துக்குப் போயிருச்சே. மேக்க வா."

பொட்டு. போன தை மாசம் அவள் ஒரு வேலை செய்தாளே. விடியற்காலையில் முகம் கழுவப் பொட்டை எடுத்தாள், வழக்கமாகப் பாத்ரூம் கண்ணாடியில் ஒட்டுவாள், அன்றைக்கு என்ன தோன்றியதோ, குத்துக்காலிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் எதிரே போய், கொசு அடிக்கிற மாதிரி கன்னத்தில் தட்டி, மச்சத்தின் மேலேயே ஒட்டிவிட்டாள். மனுஷனுக்குத் தெரியவில்லை. தூக்கக் கலக்கத்தில் அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போய்விட்டார். அத்தனை பெண்களும் வரிசையில் நின்று பாலை ஊற்றிவிட்டு அவர் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், ஒருத்தியும் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு வந்து, "இன்னிக்கு என்னமோ சங்கமே சிரிக்குது தையலு, தண்ணி கலந்து மாட்டிக்கிட்டவகூடச் சிரிக்கிறா" என்றார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைப் போய்ப் பார்த்தவர் அதை எடுக்கவில்லை. "இருக்கட்டும்டி, எடுப்பா இருக்கு" என்று சாயங்காலப் பாலுக்கும் அதோடயே போனார். அதை நினைத்தாள், விடாமல் நினைத்தாள், எந்தப் பக்கம், எந்தப் பக்கம். காப்பி டம்ளர் தெரிகிறது, ஆவி தெரிகிறது, லுங்கியில் இருந்த பீடி ஓட்டைகூடத் தெரிகிறது. கன்னம் மட்டும் தெரியவில்லை. மச்சம் முகத்தில் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தாள். பால் ஊற்றுகிற பெண்கள் பத்துப் பதினைந்து பேர், கறவை முடித்து அப்படியே வந்தவர்கள், கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். முத்துக்கண்ணு அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். இவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அவர் சிரித்ததைத் தினமும் பார்த்தவர்கள் இவர்கள்தான்.

"இப்போது துணைவியார் மலர் தூவி..." என்றார் வைத்தியலிங்கம். வினோதினி கையைப் பிடித்தாள். தையல்நாயகி எழுந்தாள். மேடைப்படியில் யாரோ பூத்தட்டைக் கொடுத்தார்கள். படத்துக்கு எதிரே நின்றாள். கிட்டத்தில் இன்னும் மோசம், பெயின்ட் அடித்த சுவர் மாதிரி இருந்தது முகம். கண்ணாடியில் டியூப்லைட் ஓடியது, அதற்குக் கீழே அவள் முகமும் தெரிந்தது, அவர் முகத்தின் மேலேயே. எதிரெதிரே. காப்பி குடிக்கிறவர் எதிரே நின்ற மாதிரி. கேஸுன்னியே, கேஸு, இப்பச் சொல்லு என்று கத்த வேண்டும் போல் இருந்தது. ராஜாமணி கீழேயிருந்து, "பூவப் போடுடி" என்று கிசுகிசுத்தாள். தையல்நாயகி தட்டை மேஜைமேல் வைத்தாள். வலதுகை அதுபாட்டுக்கு நெற்றிக்குப் போயிற்று. நகத்தால் கிள்ளிப் பொட்டை எடுத்தாள். "எடுத்துட்டா, பாவி மக, எடுத்துட்டா" என்று ராஜாமணி ஓவென்று அழ ஆரம்பித்தாள், கூடவே இன்னும் நாலைந்து பேர் அழுதார்கள், வைத்தியலிங்கம் தலை குனிந்தார். பொட்டு விரல்நுனியில் இருந்தது. அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் வராது என்று தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, கொசு அடிக்கிற மாதிரி, கையை விட்டாள்.

கண்ணாடியில் பட் என்று சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். இடது கன்னம். கை குறுக்கே போகவில்லை, வளையவில்லை, நேரே போய் அவருடைய இடது கன்னத்தில், கண்ணுக்கு இரண்டு விரல் கீழே, வைத்துவிட்டிருந்தது. விரலை எடுக்காமல் நின்றாள். இந்தா, வெரல வச்சிட்டேன், பாத்துக்க. எடுத்தபோது கறுப்பாக, உப்பலாக, மச்சம் இருந்தது. அந்த ஒரு புள்ளியில் தாசில்தார் போய்விட்டார். மூடின வாய் மூடினபடியேதான் இருந்தது, ஆனால் இப்போது அது மாட்டுக்கு மீசை வரைந்துவிட்டு, சிரிப்பை உள்ளே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வாய். அழுகுணி என்றாள் அவள், உதட்டுக்குள். அழுகை நின்று மண்டபம் முழுக்க ஒரு குழப்பம், என்ன செய்தாள், என்ன ஒட்டினாள் என்று. அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து முத்துக்கண்ணு அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். "ஏ, டெஸ்டரண்ணன்டீ! அன்னிக்குப் பொட்டோட பால் பாக்க வந்தாருல்ல, அதே எடம்டீ!" சிரிப்பு அந்த வரிசை முழுக்கப் பரவியது, சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வைத்தியலிங்கம் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் வந்தார். "என்னம்மா இது? படத்த இப்படி... நல்லாவா இருக்கு?" என்றார்.

"ஆறு, மாமா" என்றாள் தையல்நாயகி. அவருக்குப் புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. கைப்பையைத் திறந்து பொட்டு அட்டையை எடுத்தாள். அரக்குப் பொட்டு, எப்போதும் வைக்கிற பெரிசு. கீழே ராஜாமணியின் வாய் திறந்தபடி நின்றது. தையல்நாயகி படத்துக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, மெதுவாக, நன்றாக அழுத்தி, அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். பிறகு அவர் முகத்துக்கு நேராக நெற்றியைக் காட்டி, மைக்குக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே, "என்னங்க, நடுவுல இருக்கா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவளே அதைக் கொஞ்சம் கிழக்கே தள்ளிக்கொண்டாள்.